பஞ்சில் வந்த கறுப்பு

வாளி இருந்த இடத்தில் நாலைந்து நெல்மணிகள்தான் கிடந்தன.

“அண்ணி, இங்க இருந்த வாளி எங்க?”

இசைவாணி அண்ணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். “உங்க அண்ணன் எடுத்துட்டுப் போனாரு. நாத்தங்கால்ல குருவி அள்ளுதாம்.”

“அதுல என் அம்பு இருந்துச்சு.”

“அம்பா? ஏதோ கறுப்புக் குச்சிதான் குத்தி வச்சிருந்துச்சு. அதோடதான் தூக்கிட்டுப் போனாரு.”

நான் தோள்பையைக்கூட இறக்கவில்லை. திருத்துறைப்பூண்டியில் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருக்கிறேன். அங்கிருந்து அப்போதுதான் வந்திருந்தேன். அன்று வியாழக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை தஞ்சாவூரில் வில்வித்தை மண்டலத் தேர்வு. பெண்களில் முதல் நான்கு பேர் மாநிலப் போட்டிக்குப் போவார்கள். போன வருடம் நான் ஐந்தாவது. இந்த வருடம் அந்த நால்வரில் ஒருத்தியாக வர வேண்டும் என்று, பள்ளி விட்டதும் தினமும் இருட்டும்வரை மைதானத்தில் நின்றிருந்தேன். என்னிடம் இருந்தவை பன்னிரண்டு அம்புகள். பன்னிரண்டும் அந்த வாளியில்.

அவை ஏன் வாளியில் இருந்தன, ஏன் குச்சி மாதிரி இருந்தன என்பதைச் சொல்ல வேண்டும். அம்பின் வால்பக்கத்தில் மூன்று சின்ன இறகுகள் ஒட்டியிருக்கும். இப்போது அவை பிளாஸ்டிக், பேர்தான் இறகு. அம்பு பறக்கும்போது காற்று அந்த இறகுகளைப் பிடித்துப் பின்னால் இழுக்கும். வால் இழுபட்டால் மூக்கு நேராக நிற்கும். பட்டத்துக்கு வால் கட்டுவதும் இதற்காகத்தான். இறகைத் துளி சாய்த்து ஒட்டினால் அம்பு தன்னைத்தானே சுற்றிக்கொண்டு போகும். சுற்றுகிற பம்பரம் சாயாமல் நிற்பதுபோல் அதுவும் திசை மாறாமல் போகும். வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் கிடந்து என் இறகுகள் எல்லாம் அலை அலையாக வளைந்துவிட்டன. ஒரு சுற்றில் விடுகிற அம்புகள் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இறகு, ஒரே நிற வரிசையில் இருக்க வேண்டும் என்பது விதி. அதனால் புதுப் பாக்கெட் வாங்கி, பழையதைப் பன்னிரண்டிலும் சுரண்டி எடுத்தேன். மொண்ணைக் கத்தியால், தண்டின் நீளவாக்கில் சுரண்ட வேண்டும். குறுக்கே சுரண்டினால் கார்பன் நார் அறுபடும். அப்புறம் ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிட வேண்டும். படுக்கப் போட்டால் தூசி ஒட்டும். சுவரில் சாய்த்தால் சரிந்து விழும். வாளி நெல்லில் குத்தி நிறுத்தினால் ஒன்றையொன்று தொடாமல் நிமிர்ந்து நிற்கும். காலையில் அப்படி நிறுத்திவிட்டுத்தான் பள்ளிக்குப் போனேன்.

நாற்றங்காலுக்கு ஓடினேன்.

பரிதி அண்ணன் என்னைவிட ஐந்து வயது மூத்தவன். பம்புசெட் மோட்டார் பழுது பார்க்கும் கடையில் வேலை; காலையும் மாலையும் வயல். சம்பாவுக்குப் பாய் நாற்றங்கால் விட்டிருந்தான். பாலித்தீன் விரிப்பின்மேல் பரப்பிய சேற்றில் முளைகட்டிய விதை தெரிந்தது. அதைச் சுற்றி வரப்போரத்தில் என் அம்புகள் நின்றன. ஒன்றிலிருந்து ஒன்றுக்குச் சிவப்பும் வெள்ளியுமான ரிப்பன் இழுத்துக் கட்டியிருந்தது. காற்றில் ரிப்பன் முறுக்கிக்கொண்டு உர்ரென்றது. குருவி ஒன்றுகூட இல்லை. வேலையை ஒழுங்காகத்தான் செய்திருந்தான்.

“அண்ணே, இது என்னன்னு தெரியுதா உனக்கு?”

“குச்சி.”

“அம்பு.”

அவன் சிரித்தான். “அம்புன்னா இறகு இருக்கும்ல. இதுல எங்க இருக்கு? மொட்டையடிச்சுக்கிட்டு நிக்குது.”

“நான்தான் எடுத்தேன். புதுசு ஒட்டறதுக்கு.”

“அதை எங்கிட்ட சொல்லியிருக்கணும். என் விதைநெல்லு வாளியில நட்டு வச்சா நான் என்ன நெனைப்பேன்? விட்ட எடத்துல தெளிக்க வச்சிருந்த நெல்லு அது. அதுல ஸ்பிரிட்டு வேற ஊத்தி வச்சிருக்கே. முளைக்கலன்னா நீ வந்து முளைப்பியா?”

“ஸ்பிரிட் ஊத்தல. துடைச்சது நெல்லுல படறதுக்கு முன்னாடியே ஆவியாப் போயிடும்.”

“சரிங்க டீச்சர்.” அவன் ஒரு அம்பின் தலையைத் தொட்டுக் காட்டினான். உண்மையில் அது வால். “இங்க பாரு, மேல வெட்டு விட்டிருக்கான். ரிப்பன் அதுல என்னமா உக்காருது. இதுக்குன்னே செஞ்ச மாதிரி.”

அந்த வெட்டுக்குப் பேர் நாக். வில்லின் நாண் அதில்தான் உட்காரும். டிக் என்று ஒரு சின்ன சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்தால்தான் அம்பு சரியாக மாட்டியிருக்கிறது. அந்த வெட்டில் ஜிகினா ரிப்பனைச் செருகி வைத்திருந்தான்.

“மண்ணுக்குள்ள எப்படி எறக்குன?”

“கையால போகல. வரப்பு காஞ்சு கெடக்கு. செங்கல்லால தட்டினேன்.”

கார்பன் அம்பு என்பது ஒரு மெல்லிய குழல். நாக் அந்தக் குழலின் வாய்க்குள் செருகிய பிளாஸ்டிக் துண்டு. அதன் தலையில் செங்கல்லால் தட்டினால், விறகு பிளக்கும் ஆப்பு மாதிரி அது உள்ளே இறங்கி, குழலை நீளவாக்கில் பிளக்கப் பார்க்கும். நாண் முழு வேகத்தோடு தள்ளும் இடமும் அதே இடம்தான்.

நான் ரிப்பனை அறுத்தேன். அவன் “ஏய், ஏய்” என்றான். ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். ஒன்று பாதியில் முறிந்து கையோடு வந்தது. இரண்டின் வால் ஈர்க்குச்சி பிளந்த மாதிரி விரிந்து கிடந்தது. அவற்றை அவன் காலடியில் போட்டேன்.

“ஒரு குச்சிக்கு இவ்வளவு கோவமா?” என்றான்.

“இன்னொரு தடவை குச்சின்னு சொல்லு பாப்போம்.”

அவன் குனிந்து அறுந்த ரிப்பனைச் சுருட்டினான்.

வீட்டில் அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “வேணும்னா செஞ்சான்? விடு நிலா” என்றாள். எங்கள் வீட்டில் எனக்குச் சேர வேண்டிய மன்னிப்பையெல்லாம் அம்மாவே வாங்கி அம்மாவே கொடுத்துவிடுவாள். அம்மா காளியம்மாளின் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது. மீதமிருந்த ஒன்பது அம்புகளில் சேறு அப்பியிருந்தது. காய்ந்த சேற்றைத் துணியால் தேய்த்தால் மணல் கோடு போட்டுவிடும். அதனால் அண்டாத் தண்ணீரில் ஊறப் போட்டேன். ஊறி, கழுவி, காய்ந்த பிறகுதான் விரிசல் பார்க்க முடியும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பள்ளியிலிருந்து வந்தபோது கட்டிலில் ஒரு வெள்ளைத் துண்டு விரித்திருந்தது. அதன்மேல் ஒன்பது அம்புகளும் வரிசையாக, புத்தம் புதுசு மாதிரி மின்னிக்கொண்டிருந்தன. நாக் துண்டுகளைக் கழற்றிக் கழுவி மறுபடி மாட்டியிருந்தது. முனைகளில் ஒரு பொட்டு மண் இல்லை.

“உங்க அண்ணன்தான்” என்றார் அண்ணி. “கடைக்குக்கூடப் போகல. காலையிலேருந்து இதையே வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. சோத்துக்கு மூணு தடவை கூப்ட்டேன்.”

நானே டீ போட்டு அவனுக்குக் கொடுத்தேன்.

“பத்திரமாத்தான் தேச்சேன்” என்றான், டம்ளரைப் பார்த்துக்கொண்டே. “ஒரு கீறல் இல்ல.”

“நல்லா பண்ணியிருக்கண்ணே.”

“பின்ன? மோட்டார் ஷாஃப்டுக்கு மைக்ரான் கணக்குல பாலிஷ் போடுறவன் நான்.”

இறகு ஒட்டும் கருவியை எடுத்து வைத்தேன். ஜிக் என்பார்கள். அதை முதல்முறையாகப் பார்க்கிற யாருக்கும் விளக்காமல் என்னால் இருக்க முடியாது. அண்ணனும் கருவிகளைக் கண்டால் பக்கத்தில் வந்து உட்காரும் ஆள்தான். அம்பின் வாலை ஜிக்கின் குழியில் நிறுத்த வேண்டும். இறகை ஒரு கிளிப் கவ்விக்கொள்ளும். அதன் அடியில் பசை தடவி, கிளிப்பைத் தண்டோடு சேர்த்து அழுத்தி, காயும்வரை அப்படியே விட வேண்டும். பிறகு குமிழைத் திருகினால் வட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு அம்பு சுழன்று நிற்கும். அடுத்த இறகு. மறுபடி திருகு. மூன்றாவது.

“ஏன் மூணு?” என்றான். “நாலு வச்சா இன்னும் நல்லாத்தானே பிடிக்கும்?”

நல்ல கேள்வி. “நாலு வச்சும் ஒட்டுறாங்க. ஆனா இறகு கூடக் கூட இழுவை கூடும், எடையும் கூடும், வேகம் குறையும். மூணுல ஒண்ணு மட்டும் வேற கலர் பாரு. அது வில்லுக்கு வெளிப்பக்கமா நிக்கணும். அப்பத்தான் மத்த ரெண்டும் வில்லுல உரசாமப் போகும்.”

“நம்ம மோட்டார்ல மூணு ஃபேஸ் மாதிரி.”

“அந்தக் கதையெல்லாம் இல்ல” என்றேன். இருவரும் சிரித்தோம். அது உண்மையான சிரிப்புதான். அதை நினைத்தால் இப்போதும் எரிகிறது.

பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்தேன்.

“எதுக்கு ஸ்பிரிட்டு?” என்றான் சட்டென்று. “நான்தான் தொடச்சுட்டேனே.”

“உன் கை பட்டிருக்கும்ல. விரல்ல எண்ணெய் இருக்கும். அதுமேல பசை பிடிக்காது.”

“தண்ணி போதும் நிலா. சுத்தமாத்தான் இருக்கு.”

முதல் அம்பைத் துடைத்தேன். பஞ்சு லேசாகச் சாம்பல் ஆனது. கார்பன் தூள், அது எப்போதும் வரும். இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவதைத் துடைத்தபோது பஞ்சு கறுப்பானது. சாம்பல் இல்லை, நீலம் ஓடிய நல்ல கறுப்பு. பள்ளியில் பந்துகளுக்கு எண் போடும் மார்க்கரைத் துடைத்தால் வருமே, அந்தக் கறுப்பு. மார்க்கர் மை தண்ணீருக்கு அசையாது. ஸ்பிரிட் பட்டால் கரைந்து வந்துவிடும்.

பஞ்சைப் பார்த்தேன். அண்ணனைப் பார்த்தேன். அவன் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தான். டீ எப்போதோ தீர்ந்திருந்தது.

மை போன இடத்தில், நாக் வெட்டிலிருந்து கீழே ஒரு விரல் நீளத்துக்கு, தலைமுடி மாதிரி ஒரு கோடு தெரிந்தது. கோட்டின்மேல் பசை காய்ந்து பளபளத்தது. பசையைச் சுற்றி உப்புத்தாள் போட்டு மழமழவென்று தேய்த்திருந்தது. தேய்த்த தடம் தெரியாமலிருக்க மேலே மை.

கார்பனில் விரிசல் பார்க்க மூன்று வழி உண்டு. காய்ந்த பஞ்சைத் தண்டின்மேல் மெதுவாக இழுத்தால், எழும்பிய நார் இருக்கும் இடத்தில் ஒரு இழை மாட்டிக்கொள்ளும். இரண்டு முனையையும் பிடித்து, முகத்துக்குத் தள்ளி வைத்துக்கொண்டு லேசாக வளைத்தால், விரிசல் இருந்தால் க்ரிக் என்று ஒரு முனகல் கேட்கும். தரையில் வாலைத் தட்டினால் நல்ல தண்டு கணீரென்றும் கெட்டது சொத்தென்றும் சொல்லும். ஒன்பதையும் மூன்று வழியிலும் பார்த்தேன். நான்கு அம்புகளில் மை. நான்கும் முனகின. ஐந்து நல்லவை.

போட்டியில் ஒரு சுற்றுக்கு ஆறு அம்பு விட வேண்டும்.

“எத்தனை மணிக்குப் பாத்தே இந்த விரிசலை?” என்றேன்.

“காலையில. கழுவும்போது.”

“ஏன் சொல்லல?”

“ஒட்டிட்டேன்ல. சும்மா பசை இல்ல நிலா. மோட்டார் மூடி வெடிச்சா இதைத்தான் போடுறேன். அம்சம் அக்கா வீட்டு மோட்டாரு இந்தப் பசையிலதான் அஞ்சு வருஷமா ஓடுது. இப்ப இரும்பு மாதிரி இருக்கு.”

“மோட்டார் மூடி வளையுமா?”

“எதுக்கு வளையணும்?”

“அம்பு வளையும். நாண் பின்னாலேருந்து தள்ளும்போது அம்பு விறைப்பா நேராப் போறதில்ல. தண்ணியில போற மீன் மாதிரி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் வளைஞ்சுதான் வில்லைத் தாண்டும். உன் பசை வளையாது. அந்த எடத்துல ஒடியும்.”

“ஒடிஞ்சா ஒரு அம்பு போகும். அவ்வளவுதானே.”

நான் இடது கையை நீட்டி அவன் முகத்துக்கு நேரே பிடித்தேன். “வில்லைப் பிடிக்கிற கை இது. அம்பு இதோ, இதுக்கு மேல ஒரு விரல் கனத்துல போகும். போகும்போது ஒடிஞ்சா முன்பாதி போயிடும். பின்பாதியை நாண் விடாது, தள்ளிக்கிட்டே வரும். எங்க தள்ளும்? கட்டைவெரலுக்கு அடியில. கார்பன் கண்ணாடி மாதிரி சிலும்பு சிலும்பா ஒடையும். எக்ஸ்ரேல ஒழுங்காத் தெரியாது. டாக்டர் கையைக் கிழிச்சுத் தேடணும்.”

பக்கத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா, முறத்தைக் கீழே வைத்தாள்.

“எனக்கு என்ன தெரியும் இதெல்லாம்?” என்றான் அண்ணன். “நான் என்ன உன்னாட்டம் வில்லு பிடிச்சவனா? தெரியாமப் பண்ணிட்டேன்.”

“செங்கல்லால தட்டினது தெரியாம. ஒட்டினதுகூடத் தெரியாமன்னு வச்சுக்கறேன். மார்க்கர் எதுக்குப் போட்ட?”

அவன் காலி டம்ளரைத் தரையில் வைத்தான்.

“தெரியாதவன் கோட்டை அப்படியே விட்டிருப்பான் அண்ணே. நீ மறைச்சிருக்கே. நான் பாத்தா வேணாம்னுடுவேன்னு உனக்குத் தெரிஞ்சிருக்கு.”

“சொன்னா நீ ஞாயித்துக்கெழம போக மாட்டே” என்றான். குரல் ஏறிவிட்டது. “மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்துடுவே. பரிதியாலதான் போச்சுன்னு தெருவே பேசும். அதுக்குத்தான் நாள்பூரா குந்தி உக்காந்து சரி பண்ணினேன். உனக்காகத்தான்.”

“தெரு பேசக் கூடாதுன்னு. அது உனக்காக.”

“போதும் நிலா” என்றாள் அம்மா. “அவந்தான் சொல்றான்ல, நல்லதுக்குத்தான் பண்ணினேன்னு.”

பயிற்சிக்காக நாண் பூட்டி வைத்திருந்த வில் மூலையில் தாங்கியில் நின்றது. அதை எடுத்து வந்தேன். மை பூசிய அம்புகளில் ஒன்றை நாணில் மாட்டினேன். டிக்.

“எழுந்திரு. பிடி இதை.”

“என்னது?”

“இடது கையால பிடி. நேரா நீட்டு. இழுக்கிறது நான் இழுக்கிறேன். உன் அம்பு, உன் பசை. இரும்பு மாதிரி இருக்குன்னு சொன்னல்ல.”

அவன் எழுந்தான். ரோஷக்காரன். வில்லை வாங்கிக் கையை நீட்டினான். வாசலுக்கு வெளியே வைக்கோல் போரைப் பார்த்து அம்பு நின்றது. அவன் விரல் முட்டிக்கு மேலே, நான் சொன்ன அதே இடைவெளியில், அந்தக் கறுப்புத் தண்டு படுத்திருந்தது. நான் நாணைத் தொடவில்லை, தொடுவதாகவும் இல்லை. அது அவனுக்குத் தெரியாது. அவன் கண் அம்பின் வாலுக்குப் போனது. பசை இருந்த இடத்துக்கு. கட்டைவிரலை மடக்கினான். அப்புறம் முழங்கையை மடக்கினான். அப்புறம் வில்லை மெதுவாகக் கட்டிலில் வைத்துவிட்டான்.

“இப்ப சொல்லு அம்மாகிட்ட, நல்லதுக்குத்தான் பண்ணினேன்னு.”

அண்ணி அடுப்படிக்குள் போய்விட்டார்.

அந்த நான்கையும் சாக்கில் போட்டு, வாயைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, செருப்புக் காலால் மிதித்து முறித்தேன். யார் கையிலாவது போய்ச் சேர்ந்துவிடக் கூடாது. ஒவ்வொன்றும் ஒடியும்போது வந்த சத்தம் எனக்குத் தேவையாக இருந்தது.

சனிக்கிழமை ஐந்து அம்புகளுக்கும் இறகு ஒட்டினேன். கோபத்தில் செய்கிற வேலை கெட்டுப்போகும் என்பார்கள். ஜிக் அதற்கு இடம் தராது. காயும் நேரம் காயும் நேரம்தான், நான் பல்லைக் கடித்தாலும் கடிக்காவிட்டாலும். ஒவ்வொரு இறகின் இரண்டு முனையிலும் ஒரு சொட்டுப் பசை கூடுதலாக வைத்தேன். காற்று முதலில் தூக்கப் பார்ப்பது முனையைத்தான். ஒட்டி முடித்து, உள்ளங்கையில் முனையை நிறுத்தி வாலைச் சுண்டிப் பார்த்தேன். ஐந்தும் ஆடாமல் சுழன்றன.

ஆறாவது அம்புக்காகப் போன் போட்டுக்கொண்டே இருந்தேன். என் வில்லின் பலத்துக்கும் என் கை நீளத்துக்கும் பொருந்துகிற விறைப்புள்ள தண்டு தஞ்சாவூரில் கிடையாது. வரவழைக்க ஒரு வாரம் ஆகும். அண்ணன் கதவோரமாக வந்து நின்று, “நான் வேணா திருச்சிக்குப் போய் வாங்கிட்டு வரட்டுமா?” என்றான்.

“எதை? என்ன நம்பர்?”

அவனுக்குத் தெரியவில்லை. போய்விட்டான்.

ஞாயிறு காலை அவன் வண்டியை எடுத்து வெளியே நிறுத்தியிருந்தான். “நான் கொண்டுபோய் விடுறேன்.”

“விட்டுட்டு வந்துட வேணாம்” என்றேன். “கூட இருந்து பாரு.”

தஞ்சாவூர் மைதானத்தில், நாகப்பட்டினத்திலிருந்து வந்திருந்த ஷிஃபா விஷயத்தைக் கேட்டதும் தன் அம்புக்கூட்டையே நீட்டினாள். எனக்குப் போட்டியாளர்; அவளும் அந்த நான்கு இடத்துக்குத்தான் வந்திருந்தாள்.

“எடுத்துக்கக்கா. ஆறும் என்னுதா போட்டா கலர் பிரச்சனை வராது.”

வாங்கி வைத்துப் பார்த்தேன். ஷிஃபா குள்ளம்; கையும் குட்டை. அவள் அம்பை என் வில்லில் முழுதாக இழுத்தால் அதன் முனை வில்லைத் தாண்டி உள்ளே என் கைமேல் வந்து நின்றது. அப்படியே விட்டால் என் கைக்குள்தான் போகும். திருப்பிக் கொடுத்தேன்.

“அப்ப என்னக்கா பண்ணுவே?”

“அஞ்சு இருக்குல்ல.”

மொத்தம் ஆறு சுற்று. ஒரு சுற்றுக்கு நான்கு நிமிடம், ஆறு அம்பு. விடாத அம்புக்கு மதிப்பெண் இல்லை. தாளில் எம் என்று போடுவார்கள், அம்பு இலக்கில் படாமல் போனாலும் அதே எம்தான். விசில் ஊதியதும் கோட்டில் நின்றேன். எழுபது மீட்டர் தூரத்தில் மஞ்சள் வட்டம் ஒரு பொட்டு மாதிரி தெரிந்தது. முதல் அம்பு. இரண்டாவது. இறகு என் கண்ணெதிரே ஒரே ஒரு முறை மினுங்கிச் சுழன்று போனது. வால் ஆடவில்லை. மூன்று, நான்கு, ஐந்து.

கூட்டில் கை விட்டேன். காலி.

கடிகாரத்தில் இன்னும் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அம்பு முடிந்தவர்கள் கோட்டை விட்டுப் பின்னால் போய்விடலாம். எல்லோரும் அப்படித்தான் போனார்கள். நான் போகவில்லை. வில்லை இறக்கிப் பிடித்துக்கொண்டு, கோட்டில் தனியாக, நேரம் தீர்ந்து விசில் வரும்வரை நின்றேன். கயிற்றுக்குப் பின்னால் அண்ணன் நின்றுகொண்டிருந்தான். திரும்பிப் பார்க்காமலே எனக்கு அது தெரியும்.

நடுவர் அருகில் வந்து, “என்னம்மா, ஏதாவது கோளாறா? கருவி பழுதுன்னா கை தூக்குங்க” என்றார்.

“பழுது இல்லைங்க சார். அஞ்சு அம்புதான்.”

இலக்கில் ஐந்தும் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குள் நின்றன. நான் அவ்வளவு நெருக்கமாக அதற்கு முன் விட்டதில்லை. தாளில் ஐந்து எண்கள், ஒரு எம்.

திரும்பி வந்தபோது அண்ணன் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினான். “கெளம்பிடலாமா நிலா? இதுல ஜெயிக்க முடியாதுல்ல.”

“இன்னும் அஞ்சு சுத்து இருக்கு. நில்லு.”

ஐந்து சுற்றும் நின்றான். ஒவ்வொரு சுற்றிலும் நான் கோட்டில் வெறுங்கையோடு நின்ற அந்த நேரத்தையும் நின்று பார்த்தான். வெயில் ஏறியது. பக்கத்தில் நின்ற யாரோ அவனிடம் விசாரிப்பது கேட்டது. “அந்தப் பொண்ணு ஏன் சும்மா நிக்கிது?” அவன் என்ன பதில் சொன்னான் என்று தெரியவில்லை.

ஆறாவதாக வந்தேன். ஷிஃபா நான்காவது. அவளுக்கும் எனக்கும் நடுவே இருந்த இடைவெளி, விடாத ஆறு அம்புகளில் நான்கு சுமாராகப் பட்டிருந்தாலே நிரம்பியிருக்கும். ஷிஃபா என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். ஜெயித்தவள் அவள். எனக்கு அழுகை வரவில்லை.

வண்டி நிறுத்தத்துக்குப் போகும் வழியில் அண்ணன் போன் அடித்தது. அம்மா. அவன் என்னைப் பார்த்தான். நான் நின்றேன்.

“ம்… முடிஞ்சுச்சும்மா” என்றான். “இல்ல. கெடைக்கல. ஆறாவது.” அம்மா ஏதோ கேட்டாள். “காத்து இன்னிக்கு ஜாஸ்தி. அதான்…”

காற்று இல்லை. மைதானத்தின் கொடிகள் காலையிலிருந்து கம்பத்தோடு ஒட்டித் தொங்கிக்கொண்டிருந்தன. நான் அவனிடமிருந்து வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டேன். அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். உண்மையை அவனே சொல்ல வேண்டும்; என் வாயிலிருந்து வாங்கிக்கொள்ளக் கூடாது.

போனில் அம்மா “அலோ, அலோ” என்பது கேட்டது.

“காத்து இல்லம்மா” என்றான் அண்ணன். மைதானத்தில் வைத்து, ஆட்கள் போகிற வழியில், சத்தமாகவே சொன்னான். “நான் ஒடைச்சேன். ஒடைச்சதை ஒட்டி, மை பூசி, அவகிட்ட மறைச்சேன். அவ பாக்காம எடுத்துட்டு வந்திருந்தா கை போயிருக்கும். நல்லதுக்குப் பண்ணல. நீ இனிமே அப்படிச் சொல்லாதே.”

அம்மா என்ன பதில் சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. நான் வண்டியைக் கிளப்பி, அவன் ஏறுவதற்காக என்ஜினை ஓடவிட்டுக் காத்திருந்தேன்.